எந்த வீட்டிலிருந்து, ரீச்சர்?



இன்றைய உரையை ஒரு சிறுவனின் கேள்வியோடு தொடங்குகிறேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் திகதி. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, தென்மராட்சியை நோக்கி நடக்கத் தொடங்கிய நாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சில வாரங்கள் கழிந்த பின்னர், சாவகச்சேரிக்கு அணித்தாக ஒரு மாமரத்தின் கீழ் எங்களுக்கு வகுப்பு நடந்தது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளும் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்தோம். தேசப்படம் கீறுவது எப்படி என்பது அன்றைய பாடம். ரீச்சர் சொன்னார்:

"உங்கட வீட்டில இருந்து பள்ளிக்கூடத்துக்கு வாற வழியைக் கீறுங்கோ."

எனக்கு முன்னால் இருந்த எட்டு வயதுச் சிறுவன் கையை உயர்த்தினான்.

"எந்த வீட்டில இருந்து, ரீச்சர்?"

ரீச்சர் சற்று நேரம் பேசவில்லை. அவரும் எங்களைப் போலவே ஒரு பெட்டியோடு பாலத்தைக் கடந்து வந்தவர்தாம். பிறகு சொன்னார்: "இப்ப இருக்கிற இடத்தில இருந்து கீறு. கொப்பியில இடம் மிஞ்சினால் பழைய வீட்டுக்குப் போற வழியையும் கீறு."

ஒரு சிறு பிள்ளைக்கு இந்தப் பரந்த உலகில் அதன் இடம் எது என்று எவ்வாறு உணர்த்துவது? கல்வியுலகம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகச் சிந்தித்து வந்த வினா இது. ஆசிரியனாகிய பின்னர் இவ்வினாவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. இவ்வினாவுக்கு விடை சொன்ன பெரியோர் சிலர், சொந்த இடத்தை இழந்தவர்களாகவோ, இழந்த பிள்ளைகளின் நடுவே வாழ்ந்தவர்களாகவோ இருந்தார்கள். மாமரத்தடியிற் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

முதலில் வருபவர் கொமேனியஸ். இன்றைய செக் நாட்டின் பகுதியாகிய மொறாவியாவில் 1592 இற் பிறந்தவர். சமயகுருவாகவும் ஆசிரியராகவும் இருந்தவர். ஐரோப்பாவை முப்பது ஆண்டுகள் உலுக்கிய சமயப்போரில் அவருடைய ஊர் சூறையாடப்பட்டது, நூல்களை இழந்தார். 1622 இல் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தார். தலைமறைவாகத் திரிந்த அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளுள் ஒன்று, தம் தாயகமாகிய மொறாவியாவுக்கு ஒரு தேசப்படம் வரைந்தது. அது 1627 இல் அச்சாகியது. அடுத்த ஆண்டே அவர் அந்த மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தது. தாம் வரைந்த படத்துக்குள் அவர் மீண்டும் குடியேறவேயில்லை.

போலந்தின் லெஷ்னோ நகரில் அகதியாக வாழ்ந்த காலத்தில், தாய்மாருக்காக அவர் ஒரு சிறு நூல் எழுதினார். பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைக்கு வீட்டில் எதைக் கற்பிக்கலாம் என்பதே அதன் பொருள். 1633 இல் அது ஜேர்மன் மொழியில் அச்சேறியது. புவியியற் கல்வி தொட்டிலிலேயே தொடங்குகிறது என்கிறார் கொமேனியஸ். தொட்டில் வேறு, தாயின் மடி வேறு என்று குழந்தை பிரித்தறியும் கணமே அதன் முதற் பாடம். பிறகு உண்ணும் இடம், உறங்கும் இடம். பிறகு அடுக்களை, முற்றம், தொழுவம், தோட்டம். நான்காம் வயதில் தெருவும் சந்தையும், பாட்டி வீடும் மாமன் வீடும். அதன் பின்னரே நகரம், வயல், காடு, ஆறு. எமது பாடசாலைகளில் இன்று சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று வழங்கும் பாடமும் வீடு, பாடசாலை, அயல் என்று தொடங்கி விரிவதுதான். அந்த ஒழுங்கின் வேர் ஓர் அகதியின் எழுத்தில் இருக்கிறது.

ஆனால் கொமேனியஸ் எதிர்த் திசையிலும் நடந்து பார்த்தவர். 1658 இல் நூரெம்பேர்க் நகரில் வெளிவந்த அவருடைய "படங்களில் உலகம்" என்ற நூல், பிள்ளைகளுக்கென்று அச்சான படநூல்களுள் முன்னோடி. நூற்றைம்பது படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இலத்தீனிலும் ஜேர்மனிலும் விளக்கம். அந்நூல் வீட்டிலிருந்து தொடங்கவில்லை. கடவுள், உலகம், வானம், நெருப்பு, காற்று, நீர் என்று மேலிருந்து இறங்கி, செடி கொடி, விலங்கு, மனிதன், அவன் தொழில் என்று வருகிறது. ஆயினும் நூலின் வாயிலில் ஓர் ஆசிரியரும் ஒரு சிறுவனும் நிற்கும் படம் உண்டு. உலகம் முழுவதையும் சுற்றிவந்தபின், கடைசிப் பக்கத்தில் அதே ஆசிரியரும் அதே சிறுவனும் மீண்டும் நிற்கிறார்கள். எங்கெங்கு சென்றாலும் பிள்ளை புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பதை அந்த ஒரே படம் சொல்லிவிடுகிறது.

அந்நூல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1656 இல், லெஷ்னோவும் தீக்கிரையானது. பல ஆண்டுகளாக எழுதிய கையெழுத்துப் பிரதிகள் பல சாம்பலாயின. யாழ்ப்பாண நூலகத்தை அறிந்த நாம் இச்செய்தியை விளக்கவுரையின்றி விளங்கிக்கொள்வோம். ஒல்லாந்துக்குச் சென்று அம்ஸ்ரர்டாமில் 1670 இல் மறைந்த கொமேனியஸ், நார்டன் என்ற சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்தவர் ரூசோ. 1762 இல் வெளிவந்த "எமில்" என்ற நூலில், பூகோள உருண்டையையும் தேசப்படத்தையும் பிள்ளையின் முன் முதலிலேயே வைப்பதை அவர் கண்டிக்கிறார். பொருளைக் காட்டாமல் அடையாளத்தைக் காட்டி என்ன பயன் என்பது அவர் கேள்வி. பிள்ளை வாழும் ஊரும் தந்தையின் நாட்டுப்புற வீடும் முதல் இரு புள்ளிகள் ஆகட்டும். இடையிலுள்ள ஊர்கள் பின்னர் வரட்டும், ஆறுகள் வரட்டும், சூரியனின் திசை வரட்டும். படத்தைப் பிள்ளையே கீறட்டும். பிழையாகக் கீறினாலும் பாதகமில்லை என்கிறார்.

அந்நூலில் ஒரு காட்சி. திசையறியும் பாடத்தில் சலிப்புற்ற எமில், இதனால் என்ன பயன் என்று கேட்கிறான். ஆசிரியர் விடை சொல்லவில்லை. மறுநாள் அவனை மொன்மொரன்சி என்ற ஊருக்கு வடக்கேயுள்ள காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார். வழி தவறுகிறது. பசி, தாகம், களைப்பு. பையன் அழுகிறான். அப்போது நண்பகல். ஆசிரியர் மெல்ல ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். காடு ஊருக்கு எந்தத் திசையில்? நண்பகலில் நிழல் எந்தத் திசையில் விழும்? அப்படியானால் ஊர் எந்தப் பக்கம்? பையன் நிழலுக்கு எதிர்ப்புறமாக நடக்கிறான். மரங்களுக்கிடையே ஊர் தெரிகிறது. வானத்துச் சூரியன் அவனுக்குப் பகற்சோற்றுக்கு வழிகாட்டிவிட்டது. சிறு பிள்ளைக்கு வான சாத்திரம் எதற்கு என்போருக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

ரூசோ தம் சொந்தப் பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே அநாதைகள் இல்லத்திற் சேர்ப்பித்தவர் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்; தாமே பின்னர் எழுதி ஒப்புக்கொண்டார். எழுதியதற்கும் வாழ்ந்ததற்கும் இடையே அவ்வளவு பெரிய காடு. இன்னொன்றும் உண்டு. "எமில்" வெளிவந்த சில வாரங்களுக்குள் அதற்குத் தீர்ப்பு எழுதப்பட்டது. பாரிசிலும் ஜெனீவாவிலும் நூல் எரிக்கப்பட்டது. கைது செய்ய ஆணை பிறந்தது. 1762 யூன் 9 ஆம் திகதி, எமிலுக்கு வழிகாட்டிய அதே மொன்மொரன்சியிலிருந்து ரூசோ தப்பி ஓடினார்.

இக்கருத்துக்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் சுவிற்சர்லாந்தின் பெஸ்டலோசி. 1798 இல் பிரெஞ்சுப் படைகள் ஸ்ரான்ஸ் என்ற ஊரை அழித்தன. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளுக்கென்று அங்கே ஓர் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எண்பது பிள்ளைகளுக்கு அவர் ஒருவரே தாயும் தந்தையும் ஆசிரியருமாக இருந்தார். சில மாதங்களில், 1799 இல், படையினருக்கு மருத்துவமனை தேவையென்று அந்தக் கட்டடமும் எடுக்கப்பட்டது. பாடசாலைக் கட்டடங்கள் போர்க்காலத்தில் என்னவாகும் என்பது எமக்கும் தெரிந்ததே.

பின்னர் இவெர்டன் என்ற ஊரில் அவர் நடத்திய பாடசாலையிற் புவியியல் கற்பிக்கப்பட்ட விதத்தை, அங்கு படித்த மாணவர் ஒருவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஆசிரியர் பிள்ளைகளை ஊருக்கு அருகேயுள்ள சிற்றாற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வார். முதலில் முழுவதையும் பார்க்கச் சொல்வார். பிறகு பகுதி பகுதியாக. திரும்பும்போது கரையிலிருந்து களிமண் எடுத்து வரவேண்டும். வகுப்பறை மேசையில் அந்தக் களிமண்ணால் தாம் கண்ட பள்ளத்தாக்கைப் பிள்ளைகள் உருவாக்குவார்கள். அடுத்த நாள் இன்னும் சற்று மேலே ஏறிப் பார்ப்பார்கள். மேசையிலுள்ள பள்ளத்தாக்கும் வளரும். முழுவதும் முடிந்த பின்னரே தேசப்படம் அவர்கள் கண்ணிற் காட்டப்படும். அதற்குள் அதை வாசிக்க அவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லாமற் போயிருக்கும். காரணம், அந்தப் படத்திலுள்ள ஆற்றின் மண் அவர்களின் நகங்களுக்குள் இருந்தது.

1807 இல் அங்கு வந்து இதைக் கண்டவர்களுள் கார்ல் ரிற்றர் ஒருவர். ஹம்போல்ற்றோடு சேர்த்து நவீன புவியியலின் தந்தையர் என்று போற்றப்படுபவர் அவர். பெஸ்டலோசிக்கு ஒரு சிறு பிள்ளைக்குத் தெரிந்த புவியியல்தானும் தெரியாது. ஆனால் நான் இத்துறையிற் பெற்ற அறிவில் முக்கியமானதை அவரிடமே பெற்றேன் என்ற கருத்தில் ரிற்றர் பிற்காலத்திற் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் கேட்டபின், வீட்டிலிருந்து தொடங்குவதே முடிந்த முடிபு என்று நீங்கள் எண்ணக்கூடும். வரலாறு அங்கே ஓர் எச்சரிக்கையையும் எழுதியிருக்கிறது. பெஸ்டலோசியின் வழியில் வளர்ந்த ஜேர்மன் பாடசாலைகளில், பிறந்த மண்ணைப் பற்றிய கல்வி என்று ஒரு பாடம் நிலைபெற்றது. ஊரின் ஓடை, மரம், கோயில், பழங்கதை என்று நல்லவையே அதில் இருந்தன. 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபோது, அந்தப் பாடத்தைத் தூக்கியெறிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. அதைத் தம் வசதிக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். இந்த மண் நம் இரத்தத்துக்குரியது, மற்றவன் இங்கே அந்நியன் என்று அதே ஓடையையும் மரத்தையும் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து புறப்படும் பிள்ளையை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டால், அன்பு மெல்லக் குரோதமாகிவிடும்.

மறுபுறத்தில், வீட்டைப் பாராமல் உலகத்தை மட்டும் காட்டினால் என்னவாகும்? அதற்கு எம் மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் செமினரியைத் தொடங்கினார்கள். பூமிசாஸ்திரமும் வானசாஸ்திரமும் அங்கே சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. 1829 மார்ச் மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. ஊர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்பும் செமினரி அதிபராக இருந்த டானியல் பூவரின் கணிப்பும் ஒத்துப்போகவில்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் ஏறத்தாழக் கால் மணி நேர வேறுபாடு. அன்றிரவு பலரும் கூடி வானத்தைப் பார்த்தார்கள். பூவரின் கணக்கே சரியென்று கண்டதாக மிஷனரிமார் எழுதிவைத்தார்கள். புராணங்கள் கூறும் உலக அமைப்புப் பிழையென்று நிறுவ அந்த நிகழ்ச்சி பயன்படுத்தப்பட்டது.

கணக்குச் சரியானது என்பதில் எனக்குத் தர்க்கமில்லை. மாணவர்களை வெளியே அழைத்து வந்து வானத்தைப் பார்க்கச் செய்ததும் நல்ல கல்வியே. ஆனால் அன்று முற்றத்தில் நின்றிருக்கக்கூடிய ஒரு சிறுவனை நினைத்துப் பார்க்கிறேன். பூமி உருண்டை என்று அவன் கற்றான். கூடவே, தன் பாட்டனுக்கு ஒன்றும் தெரியாது என்றும் கற்றிருப்பான். தொலைநோக்குக் கருவி எதுவுமின்றி, பரம்பரை வாய்பாடுகளைக்கொண்டு, வானத்து நிகழ்ச்சி ஒன்றைக் கால் மணி நேர வித்தியாசத்துக்குள் முன்னறிந்து சொன்ன அந்தப் பஞ்சாங்கக்காரரும் ஒரு கணித வல்லுநர் என்பதை யாராவது அவனுக்குச் சொல்லியிருந்தால், பெரிய உலகமும் சிறிய வீடும் அவன் மனத்திற் பகையாக நின்றிருக்கமாட்டா.

இந்த இரண்டையும் இணைத்துக் காட்டியவர் ஒல்லாந்தைச் சேர்ந்த கேஸ் பூக்கே. 1884 இற் பிறந்தவர். குவேக்கர் என்ற சமாதான நெறியினர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் இருந்துகொண்டு, ஜேர்மானியரும் எம் சகோதரரே என்று பகிரங்கமாகப் பேசியதற்காக அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். தாம் செலுத்தும் வரி படைக்குச் செல்கிறது என்பதற்காக வரி கொடுக்க மறுத்தார். பாடசாலைக் கட்டணமும் அரசுக்கே போவதாயிற்று, அதையும் மறுத்தார். அதனால் தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிக்க நேர்ந்தது. 1926 இல் அப்படித் தொடங்கியதே பில்ற்ஹோவன் என்ற ஊரில் அவர் வளர்த்த பாடசாலை. அதன் பெயருக்குப் பொருள் "பட்டறை" என்பது. பாடசாலைகள் மனிதரை மனிதராக்கும் பட்டறைகள் என்று கொமேனியஸ் எழுதியிருந்தார். அவர் துயிலும் நார்டன் அங்கிருந்து அதிக தூரமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒல்லாந்து நாசிகளின் பிடியில் இருந்தபோது, பூக்கேயும் அவர் மனைவி பெற்றியும் யூதப் பிள்ளைகளை மறைத்துக் காத்தார்கள்.

இந்தப் பாடசாலைப் பணியிலிருந்து எழுந்த ஒரு சிறு படநூலை அவர் 1957 இல் வெளியிட்டார். நாற்பது பாய்ச்சலிற் பிரபஞ்சத்தைக் காட்டும் நூல் அது. முதற் படத்தில், பாடசாலை முற்றத்தில் ஒரு சிறுமி மடியிற் பூனையோடு நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அடுத்த படம் அதே காட்சியைப் பத்து மடங்கு விலகி நின்று காட்டுகிறது. அதற்கடுத்தது இன்னும் பத்து மடங்கு. முற்றம், கட்டடம், ஊர், மாகாணம் என்று காட்சி விரிகிறது. நேயர்களே, நீங்களும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மீற்றர் அகலமான ஒரு காட்சியை ஏழே ஏழு முறை பத்தாற் பெருக்குங்கள். 15,000 கிலோமீற்றர் வரும். பூமி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். மடியிலுள்ள பூனைக்கும் முழுப் பூமிக்கும் இடையே ஏழு படிகள்தாம். பிறகு சூரியன், விண்மீன்கள், விண்மீன் கூட்டங்கள். எல்லை வரை சென்றபின் அந்நூல் சிறுமியிடம் திரும்பி வருகிறது. இம்முறை உள்நோக்கிய பயணம். அவள் கையின் தோல், அணு, அணுவின் கரு.

எந்தப் படத்திலும் சிறுமி அவ்விடத்தை விட்டு எழுந்து போகவில்லை. பூமி ஒரு புள்ளியாகச் சிறுத்த படத்திலும் அவள் அங்கேதான் இருக்கிறாள். எம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இந்நூலைத் தழுவி அமெரிக்கக் கலைஞர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977 இல் எடுத்த குறும்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் சிறுமி இருந்த இடத்தில், சிக்காகோப் பூங்காவில் உறங்கும் ஒரு மனிதர் வருகிறார். எனக்கு என்னவோ பூனையோடு இருக்கும் பிள்ளையே பொருத்தமாகப் படுகிறது. 1990 பெப்ரவரி 14 ஆம் திகதி வொயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பூமியைப் படம் பிடித்தது. படத்திற் பூமி ஒரு தூசு. பூக்கே மனக்கண்ணாற் கண்டதை ஒரு கருவி கண்ணாற் கண்டது. நானும் நீங்களும் அந்த நாளில் உயிரோடிருந்தோமானால், அந்தத் தூசுக்குள் இருந்தோம்.

மேலிருந்து இறங்கி ஒருவனிடம் வந்து நிற்கும் இந்த முறை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கோயிலில் அர்ச்சனைக்கு முன் குருக்கள் சங்கற்பம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பிரமாவின் ஆயுளிற் பாதி கழிந்த காலம், கற்பம், மன்வந்தரம், கலியுகம் என்று காலம் சுருங்கி வருகிறது. சம்புத்தீவு முதலாக இடம் சுருங்கி வருகிறது. பின் ஆண்டு, மாதம், பட்சம், திதி, நாள். கடைசியாகக் கோத்திரம், நட்சத்திரம், பெயர். பிரபஞ்சம் முழுவதையும் கடந்து வந்து, தட்டோடு நிற்கும் ஒரு பிள்ளையின் பெயரில் அது முடிகிறது. பிள்ளைக்கு அதில் விளங்குவது தன் பெயர் ஒன்றுதான். மற்றவற்றின் பொருளையும் ஒரு நாள் யாராவது அதற்குச் சொல்லிக் கொடுத்தால், அர்ச்சனைத் தட்டோடு ஒரு புவியியற் பாடமும் வீட்டுக்குப் போகும்.

இன்றைய பிள்ளைக்குத் தேசப்படம் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அதைத் திறந்தால் நீலப் புள்ளி ஒன்று இதோ நீ என்கிறது. வசதிதான். ஆனால் நடக்க நடக்கப் புள்ளி நடுவிலேயே நிற்கிறது. உலகம் அதைச் சுற்றி நகர்கிறது. காகிதத் தேசப்படத்திற் பிள்ளை தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில், மற்றவர்களின் ஊர்களுக்கு நடுவே, தன் ஊரைக் காணவேண்டும். நடுவில் இருப்பது நான் என்று கற்பதற்கும், பலருக்கு நடுவே இருப்பது நான் என்று கற்பதற்கும் வேறுபாடு உண்டு. நாசிகளின் பாடத்துக்கும் பூக்கேயின் நூலுக்கும் இருந்த வேறுபாடும் அதுவே.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லி அமைகிறேன். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவினர் என்று புறநானூற்றிற் பாடிய புலவரை மேடைதோறும் நினைவுகூருகிறோம். அவர் பெயரைச் சற்று நின்று பார்த்தோமா? கணியன் பூங்குன்றனார். கணியன் என்றால் வான்கோள்களைக் கணிப்பவன். பூங்குன்றம் என்பது அவர் ஊர். பெயரின் ஒரு பாதி வானத்தில் இருக்கிறது. மறு பாதி ஒரு சிற்றூரில் இருக்கிறது. எல்லா ஊரையும் தன் ஊராகக் கொண்டவர், தம் சொந்த ஊரின் பெயரை உதறிவிடவில்லை. அதைச் சுமந்துகொண்டே உலகத்தைப் பார்த்தார். வகுப்பில் இப்பாடலைக் கற்பிக்கும் நாட்களில், மாணவரிடம் அவர்கள் வீட்டு விலாசத்தை எழுதச் சொல்வேன். கிராமம், மாவட்டம், நாடு என்பவற்றோடு நிறுத்தாமல், கண்டம், பூமி, சூரிய குடும்பம், பால்வீதி வரை எழுதச் சொல்வேன். சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். பிறகு கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை திருப்பி வாசிக்கச் சொல்வேன். தம் பெயருக்கு வரும்போது குரல் சற்று மாறும்.

மாமரத்தடிச் சிறுவனின் படத்தை நான் எட்டிப் பார்த்தேன். அவர்கள் தங்கியிருந்த கொட்டிலிலிருந்து மாமரத்துக்கு ஒரு குறுகிய கோடு. கொப்பியில் இடம் மிஞ்சியிருந்தது. அதனால் கொட்டிலிலிருந்து பழைய வீட்டுக்கு ஒரு நீண்ட கோடு. இரண்டுக்கும் நடுவே, வீட்டைவிடப் பெரிதாக, மரத்தைவிடப் பெரிதாக, ஒரு பாலம். ரீச்சர் அதைப் பார்த்தார். அளவுத்திட்டம் பிழை என்று அவர் சொல்லவில்லை. கொப்பியை வாங்கி, பாலத்தின் பக்கத்தில் வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்றை மட்டும் கீறிக் கொடுத்தார்.